நிரப்பாமல் வைத்திருந்த கட்டம்

மகளே, உனக்கு என் ஸலாம். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன், உன் கண்ணில் படுவதற்கு முன்பே ஊரில் பலர் இதை வாசித்து முடித்திருப்பார்கள். அதற்காக என்னோடு கோபப்படாதே. நான் இங்கே திருத்தப்போகும் விசயத்தை அந்தக் காலத்தில் ஊருக்குத்தான் பிழையாகச் சொன்னேன். தேத்தண்ணிக் கடையில் சொன்னேன், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று சொன்னேன், படிவம் நிரப்ப என் மேசைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கச் சொன்னதை உன் காதில் மட்டும் மெதுவாகத் திருத்திவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

போன கிழமை நீ தொலைபேசியில் இடமாற்றம் கிடைத்துவிட்டது என்றாய். அடுத்த மாதம் நாவிதன்வெளிப் பக்கத்து வாய்க்கால்களுக்கு நீதான் பொறியியலாளர் என்றதும் உன் உம்மா அழுதாள், நான் அழவில்லை. பிறகு, ஏதோ சின்ன விசயம்போல, இதையும் சொன்னாய்.

“வாப்பா, நம்மட ஊர்க் கல்வி நிதியத்தில இருந்து கடிதம் வந்திரிக்கி. புலமைப்பரிசில் குடுக்கிற தெரிவுக் குழுவில என்னையும் இரிக்கட்டாம். என்ட பேரச் சொன்னது ஆரெண்டு நினைக்கிறீங்க? அந்த மரைக்கார்!”

“அப்ப?” என்றேன்.

“அப்ப என்ன அப்ப? அண்டைக்கி என்ன வெளிய அனுப்பினவங்க இண்டைக்கிக் கதிரை தாறாங்களாம். செஞ்ச அநியாயம் இப்பதான் உறுத்துது போல. நான் மாட்டன் எண்டு எழுதிப் போடப்போறன். சரிதானே வாப்பா?”

நான் ஓம் என்றேன். அந்த ஓம் பொய். அதைத் திரும்பப் பெறத்தான் இந்தக் கடிதம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நீ அவர்களுக்குப் பதில் எழுதவேண்டும் என்றாய். அதற்குள் உனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். தொலைபேசியில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். இரண்டு தரமும் நீ “வாப்பா மருந்து குடிச்சீங்களா?” என்று கேட்டாய், என் துணிவு போய்விட்டது. எழுத்தில் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுதினால் நான் எவருக்கும் பயந்தவனல்ல, அது உனக்குத் தெரியும்.

வெளியூர்க்காரரும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த ஒன்றை விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டில் போய் வாழ்வான். பிள்ளைகள் தாயின் குடியை, அதாவது தாய்வழி வம்சத்தை, சேர்வார்கள். ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார். பள்ளிவாசல் சபையில் அந்தக் குடிக்காகக் கதைப்பவர் அவர். நான் மருதமுனையில் பிறந்தேன். உன் உம்மாவை முடித்துச் சாய்ந்தமருதுக்கு வந்தேன். இரண்டு ஊருக்கும் இடையில் சைக்கிள் மிதித்தால் அரை மணித்தியாலம் போதும். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தை என் மாமனார் வீட்டுப் பக்கத்தார் கடைசிவரை மறக்கவில்லை, நானும் மறக்கவிடவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவன். தமிழை மளிகைக் கடையில் சாமான் சுற்றித் தந்த பழைய பத்திரிகைகளில் படித்தேன். இங்கிலீசை அரசாங்கப் படிவங்களில் படித்தேன். ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் இங்கிலீசும் இருந்தால் அதைவிட நல்ல வாத்தியார் வேறு இல்லை. கல்முனையில் பிரதேச செயலகத்து மதிலோரம் மேசை போட்டு உட்கார்ந்தேன். காணிக்கு மனு, பிறப்பைப் பதிய மனு, பேர் திருத்த மனு, கப்பலில் போனவன் திரும்பி வரவில்லை என்று மனு. நான் நிரப்பிய படிவம் பிழை என்று திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன்தான். ஏன் சொல்லக்கூடாது? கோட்டும் சூட்டும் போட்ட சட்டத்தரணிகள் எழுதியவை திரும்பி வந்து, நான் எழுதியவை போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நீ பாடசாலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஊரில் கல்வி நிதியம் ஆரம்பிக்கப் பள்ளிவாசலில் கூட்டம் வைத்தார்கள். நல்ல யோசனை. பெரும்போக அறுவடையில் வயல்காரர் நெல் கொடுப்பது, தோணிக்காரரும் கடைக்காரரும் வெளிநாட்டில் உழைப்பவர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுப்பது, பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு அதைப் பகிர்வது. விண்ணப்பத்தில் குடியை எழுதி மரைக்காரின் கையொப்பம் வாங்கவேண்டும் என்றார்கள். நான் எழும்பி, “பெறுபேறு கையில இரிக்கி, வீட்டு நிலைமைக்கு கிராம உத்தியோகத்தர்ட சான்று இரிக்கி. மறுகா மரைக்கார்ட கையொப்பம் என்னத்துக்கு? படிக்கப்போற பிள்ளைய ஏன் ஒராள்ட வாசல்ல நிக்க வெக்கிறீங்க?” என்று கேட்டேன். உன் உம்மாவின் குடி மரைக்கார் முன்வரிசையில் இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மச்சான், நீங்க இஞ்ச வந்து குடியேறின மாப்பிள்ள. சோறு போட்டாச் சாப்பிடுங்க, கறி உறைப்பெண்டா பொண்டாட்டிக்கிட்டச் சொல்லுங்க. ஊர்க்கதைய ஊரான் கதைக்கட்டும்” என்றார். சபை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் என் கையால் மனு எழுதி வாங்கியவர்கள்.

அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. நான் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரியாதவன்தான் கேட்டவனின் ஊரைப் பற்றிக் கதைப்பான். அன்றைக்கே எனக்குள் சொல்லிக்கொண்டேன்: இந்த மனிதரிடம் நானோ என் பிள்ளைகளோ ஒன்றுக்கும் போய் நிற்பதில்லை. இந்த இடம்வரை நான் சொல்வதில் நீ பிழை காணமாட்டாய். இனித்தான் பிழை வருகிறது.

நீ ஏ.எல். பரீட்சை எழுதி, மாவட்டத்தில் முன்னுக்கு வந்து, பேராதனைக்குப் பொறியியல் கிடைத்தது. நிதியத்தின் விண்ணப்பப் படிவத்தை நீதான் பள்ளிவாசலில் இருந்து வாங்கி வந்து என் முன்னால் வைத்தாய். “வாப்பா, உங்கட மேசைக்கு நான் வந்திரிக்கன், என்ன சுணங்காம முடிச்சுத் தாங்க” என்று பகிடி விட்டாய். நான் அதை எப்படி நிரப்பினேன் தெரியுமா? உன் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதினேன். அடையாள அட்டையில் ஒரு விதம், பரீட்சைச் சான்றிதழில் ஒரு விதம் என்று நம் பிள்ளைகளின் பெயர் கிடப்பதால் எத்தனை விண்ணப்பம் தூங்கிப்போகிறது என்று எனக்குத் தெரியும். வறுமையை ஒரு வரியில் முடித்தேன். மற்ற வரிகளில் நீ செய்ததை எழுதினேன்: பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தது, வெள்ளம் வந்தபோது தண்ணீர் எந்த ஒழுங்கைக்குள்ளால் போகிறது என்று நீ கொப்பியில் வரைந்து வைத்தது. அழுகிற விண்ணப்பத்தை வாசிக்கிறவன் இரக்கப்படுவான். வேலை செய்கிற பிள்ளையை வாசிக்கிறவன் அடுத்த பக்கத்தையும் புரட்டுவான். கிராம உத்தியோகத்தர் கிழமையில் எந்த நாட்களில் கந்தோரில் இருப்பார் என்று பார்த்துச் சான்று எடுத்தேன். கடைசித் திகதிக்குப் பத்து நாள் முன்னதாக எல்லாம் தயார். ஒரேயொரு கட்டம் மிச்சம்.

“குடி” என்று மட்டும் அந்தக் கட்டத்தில் இருந்தது. தாயின் குடியா தகப்பனின் குடியா என்று அது கேட்கவில்லை. அப்படிக் கேட்கவேண்டிய தேவை எங்கள் பக்கத்தில் யாருக்கும் வந்ததில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் உம்மாவின் குடியைத்தான் சொல்லும். நான் என்ன செய்தேன்? என் குடியை எழுதினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். அங்கே எங்கள் குடிக்கு என் பெரியப்பா மகன் மரைக்கார், எனக்கு அண்ணன் முறை, காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, புள்ள உம்மாட குடியெல்லோ? நான் எப்படி வெக்கிற?” என்றார். “குடி எண்டுதான் கேட்டிரிக்கி, காக்கா. ஆர்ர குடி எண்டு கேக்கல்ல. வைங்க” என்றேன். நான் படிவங்களில் புலி என்று அவருக்கும் ஒரு எண்ணம், கையொப்பம் வைத்துவிட்டார். திரும்பி வரும்போது எனக்கு வழியெல்லாம் சந்தோசம். அந்த மனிதரின் வாசலில் நில்லாமல் அவருடைய படிவத்தையே வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

நேர்முகப் பரீட்சைக்கு நீ தனியாகப் போனாய். குழுவில் அந்த மரைக்காரும் இருந்தார், எந்தக் குடி என்று கேட்டார்கள். நீ உண்மையைச் சொன்னாய், உம்மாவின் குடியைச் சொன்னாய். படிவத்தில் வேறு குடி கிடந்தது. பிள்ளை ஒன்று சொல்கிறது, படிவம் ஒன்று சொல்கிறது, இதை இப்போதைக்கு ஒருபக்கம் வைப்போம் என்று உன்னை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, “வாப்பா, நான் சொன்னதும் நீங்க எழுதினதும் வேற வேறயாம். நான் பிழையாச் சொல்லிட்டனா?” என்று கேட்டாய். உன் முகம் இன்றும் எனக்கு முன்னால் நிற்கிறது. அந்த நேரத்தில், நான் எழுதியதுதான் பிழை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். “அது சாட்டு மகள். அவனுகளுக்கு என்னப் பிடிக்காது, அதுக்கு உன்னில தீர்க்கிறானுகள்” என்றேன். நீ நம்பினாய். நான் சொன்ன எதைத்தான் நீ அந்த வயதில் நம்பாமல் விட்டாய்?

இதுவரை உனக்கு அரைவாசி தெரிந்திருக்கும், நீ கெட்டிக்காரி. உனக்குத் தெரியாதது இதுதான். இரண்டு நாள் கழித்து அந்த மரைக்கார் கல்முனைக்கு என் மேசையடிக்கு வந்தார். பகல் வெயிலில், குடையும் இல்லாமல். என் மேசை முன்னால் காணி மனுவோடு மூன்று பேர் நின்றார்கள். அவர்களோடு அவரும் வரிசையில் நின்றார். முறை வந்ததும் முன்னால் உள்ள வாங்கில் உட்கார்ந்து ஒரு புதிய படிவத்தை எடுத்து வைத்தார். அதன் கீழே அவருடைய கையொப்பமும் பள்ளிவாசல் முத்திரையும் ஏற்கனவே இருந்தன. மேலே எல்லாம் வெறுமையாக இருந்தது.

“மச்சான், புள்ள கெட்டிக்காரி. நான் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லும் கூட்டிக் குறைச்சிச் சொல்லல்ல. சனிக்கிழமை வரைக்கும் விண்ணப்பப் பெட்டிய மூடாம வெச்சிரிக்கம். நீங்க இத நிரப்பி அனுப்புங்க, மற்றத நான் பாத்துக்கிறன்.”

“ஊரான் விசயம், ஊரான் நிரப்பட்டும்” என்றேன்.

அவர் சால்வையால் முகத்து வேர்வையைத் துடைத்தார். பிறகு, “அத இன்னும் வெச்சிரிக்கீங்களா? அது பகிடிக்குச் சொன்னது மச்சான்” என்றார்.

“எனக்குச் சிரிப்பு வரல்ல.”

“சரி. எனக்கிட்டக் கோபத்த வெச்சிக்கங்க, அது உங்கட பாடு. புள்ளைக்கிட்ட வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டு எழும்பினார். படிவத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. மேசையில் என் மைப்போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை வந்தது, போனது. நான் நிரப்பவில்லை. கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. தட்டச்சுப் பொறியின் பெட்டிக்கு அடித்தட்டில் வைத்து மூடினேன். நீ வாசலில் உட்கார்ந்து பேராதனைக்குப் போகப் பெட்டி கட்டினாய்.

ஆக, உன்னை வெளியே அனுப்பியது அவரல்ல. கதவு திறந்தே கிடந்தது. அதை மூடியது நான். முதல் வருடம் விடுதியில் இருந்துகொண்டு சனி ஞாயிறுகளில் ரியூசன் கொடுத்தாய். அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வரவில்லை. “படிக்கக் கிடக்கு வாப்பா” என்றாய். பஸ்ஸுக்குக் காசு இல்லை என்பதை நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உம்மா உனக்காக எடுத்து வைத்த இறைச்சியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நான் அன்று பள்ளிவாசலில் அந்த மரைக்காரைக் கண்டேன். பெருநாளன்று எல்லாரும் எல்லாரையும் முஆனக்கா செய்வார்கள், கட்டித் தழுவுவார்கள். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

நீ உன் உழைப்பால் முடித்தாய். அதனால் என் பிழை பிழையில்லாமல் போய்விட்டது என்று சிலகாலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இவ்வளவு காலம் மற்றவர்களின் நொண்டிச் சாட்டுகளை மனுவில் எழுதிக் கொடுத்தவனுக்குத் தன் சாட்டு எப்படிப்பட்டது என்று தெரியாமலா இருக்கும்?

நீ தொலைபேசியை வைத்த மறுநாள் ஒரு ஓட்டோக்காரர் என் மேசைக்கு வந்தார். அவருடைய மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. அதே நிதியம், அதே படிவம். கடதாசி மட்டும் கொஞ்சம் வெள்ளை கூடியிருக்கிறது. அவர் வரிப்பத்தான்சேனையில் கலியாணம் முடித்தவர். பெண் வீட்டில் ஏழு பெண்கள், ஒரு வீடு. இவரும் மனைவியும் அங்கே இருக்க இடமில்லாமல் இங்கே வந்து, ஓட்டோ ஓடி, தங்கள் கையால் வீடு கட்டினார்கள். இப்போது இங்குள்ள சபை, உங்கள் பிள்ளை அந்தப் பக்கத்துக் குடி, அங்கே போய்க் கையொப்பம் எடுங்கள் என்கிறது. அங்கே போனால், அது உங்கள் ஊர் நிதியம், நாங்கள் எப்படி வைப்பது என்கிறார்கள். அந்த மனிதர் படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, “காக்கா, நீங்க படிவத்தில புலியெண்டு சொல்றாங்க. எனக்கும் ஒரு குடி எழுதித் தாங்களன். எந்தக் குடியெண்டாலும் காரியமில்ல” என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குப் பேனை ஓடவில்லை. எழுத இடமிருந்தும் வீம்புக்கு எழுதாமல் விட்டவன் நான். எழுத ஒன்றும் இல்லாமல் வந்து நிற்கிறார் அவர். அவருக்கு நான் ஒரு குடியை இட்டுக்கட்டிக் கொடுக்க முடியாது. நான் ஒருதரம் அந்தப் புத்திசாலித்தனம் காட்டியவன். “படிவத்தை வெச்சிட்டுப் போங்க, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வாங்க” என்று அனுப்பினேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய் உன் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குந்தியிருந்து பாரைக்குட்டிக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். மரைக்கார் மேசையடிக்கு வந்தது, கையொப்பம் வைத்த படிவம், சனிக்கிழமை, ஒன்றையும் விடவில்லை. அவள் கத்தியை நிறுத்தவே இல்லை. “எனக்குத் தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“மரைக்கார்ட பொண்டாட்டி அண்டைக்கே வந்து சொல்லிட்டா. நீங்களா வந்து சொல்லுவீங்க எண்டு பாத்துட்டு இரிந்தன். என்ன, கொஞ்சம் சுணங்கிட்டீங்க.” பிறகு தலையை நிமிர்த்தி, “எனக்குச் சொன்னாக் காணுமா? புள்ளைக்கிட்டச் சொல்லுங்க” என்றாள். மீன்சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். ஊரெல்லாம் எனக்குப் பயம் என்று நினைத்திருந்தேன், என் வீட்டிலேயே அது செல்லவில்லை.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கேட்டால் கேள், கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் செய்வேன். அந்தக் கதிரையில் போய் உட்கார். அது பிராயச்சித்தமாக வந்த கதிரையல்ல. உன்னை அன்று நேரில் பார்த்து, ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்காத பிள்ளை என்று மதித்த மனிதர் சொன்ன பெயர் அது. விண்ணப்பங்களை வாசிக்கும்போது பிள்ளையின் கையெழுத்தைப் பார், தகப்பனின் கையெழுத்தைத் தள்ளி வை. தகப்பன்மார் படிவத்துக்குள் தங்கள் சண்டைகளையும் சேர்த்து எழுதுவார்கள். அழுகையை எழுதியவர்களைத் தள்ளிவிடாதே, வேறு விதமாக எழுத அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. பெரிய புலமைப்பரிசில்களுக்கு நாடு முழுக்கப் போட்டி. நம்மூர் நிதியத்துக்கு விண்ணப்பிக்க வெட்கப்பட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள்தான் அதிகம். வெட்கத்துக்குக் காரணம் என்ன என்று கேள். அந்தக் கட்டமும் அந்தக் கையொப்பமும்தான் என்பார்கள். முதல் கூட்டத்திலேயே அதை எடுத்துவிடச் சொல், ஓட்டோக்காரரின் படிவம் அதற்காகத்தான் என் மேசையில் கிடக்கிறது. நான் அன்று எழும்பிக் கேட்ட கேள்வியை நீ கேள். உன்னை வந்தேறி என்று ஒருவனும் சொல்ல முடியாது. நீ உன் உம்மாவின் குடி. அன்று என் கேள்வி சரி. என் படிவம் பிழை. இரண்டையும் ஒன்றாகக் கலந்ததுதான் நான் உனக்குச் செய்த அநியாயம்.

மரைக்காரிடம் நான் போய் மன்னிப்புக் கேட்பேனா என்று நீ கேட்பாய். படிவத்துக்காகக் கேட்பேன். இந்த வெள்ளி ஜும்ஆ முடிந்து, எல்லாரும் நிற்கிற இடத்தில், செருப்பைத் தேடாமல் கேட்பேன். ஆனால் கறி உறைப்புக் கதைக்கு அவர்தான் என்னிடம் கேட்கவேண்டும். அவர் கேட்கும்வரை என் மேசையில் அவருக்கு இடமிருக்கும், வாங்கிருக்கும், தேத்தண்ணியும் இருக்கும். மன்னிப்பு மட்டும் இருக்காது.

இந்தக் கடிதத்தோடு அந்தப் படிவத்தையும் அனுப்புகிறேன். கடதாசி ஓரம் மஞ்சளாகிவிட்டது, முத்திரை நன்றாகத் தெரிகிறது. நீ அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வை. ஒரு கட்டம் என்ன செய்யும் என்று அவர்களுக்கு விளக்க வேறு பேச்சுத் தேவைப்படாது. இன்று காலை மேசையில் வைத்து அதை முழுக்க நிரப்பினேன். உன் பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே. வெள்ளத்தில் நீ வரைந்த கொப்பி. கடைசியாகக் குடி. உன் உம்மாவின் குடியை எழுதினேன், அடித்தல் திருத்தல் இல்லாமல். கடைசித் திகதி எப்போதோ போய்விட்டது என்று எனக்குத் தெரியும். என் மேசையில் இருந்து பிந்திப் போகிற முதல் படிவம் இதுதான்.

உன் வாப்பா